டெலீட் என்று கூப்பிட்டால் யார் திரும்புவது?

1

போன வாரம் விசா நீட்டிப்புக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து அந்த அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான் காத்திருந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம். வெளியே கடையில், பேருந்தில், அலுவலகத்தில் நன்றாகத்தான் பேசுகிறேன். அந்தக் கதவைத் தாண்டியதும் என் ஜெர்மன் பாதியாகச் சுருங்கிவிடும். ஜெர்மனில் ஆண்பாலான மேஜைக்குப் பெண்பாலும் எதிரே இருக்கும் அம்மாளுக்கு ஆண்பாலும் போட்டுப் பேசுவேன்.

இந்த முறை புதிய அதிகாரி. நடுத்தர வயதுப் பெண்மணி, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. என் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"மென்பொருள் எழுதுகிறவர் என்று இருக்கிறது. இன்று காலையிலிருந்து அப்படிப் பலர் வந்துவிட்டார்கள். நீங்கள் குறிப்பாக என்ன செய்கிறீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்."

எனக்குப் பெரிய பெரிய வார்த்தைகள் தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

"டெலீட் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மாற்றுகிறேன்."

அவர் தன் விசைப்பலகையைப் பார்த்தார். "அழுத்தினால் அழியும். அவ்வளவுதானே?"

"எல்லா இடத்திலும் அழியக் கூடாது, மேடம்."

அவர் தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார். வெளியே காத்திருந்த என் கணவர் ரியாஸிடம் சொன்னபோது, "ஏழு வருஷமா நீ இன்னா வேலை செய்யறேன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போன வருடம் இதே மாதத்தில் அந்தப் பொத்தான் என்னைப் படுத்திய பாடு நினைவுக்கு வந்துவிட்டது. ஊரில் இருக்கிறவர்கள் பலர் அப்போது என்னைப் பார்த்தும் விஷயம் என்னவென்று தெரியாமலே போனார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், எங்கள் ஊர் கூனிமேட்டுக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

நாங்கள் எழுதுவது மேஜைக் கணினியில் ஓடும் ஒரு பெரிய நிரல். அடியில் பொதுவான ஒரு சட்டகம். அதன்மேல் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டு நிரல் செருகப்பட்டிருக்கும். அதை ப்ளக்-இன் என்போம். ஒவ்வொரு ப்ளக்-இன்னும் திரையில் தனக்கென்று ஒரு பகுதியை வைத்துக்கொள்ளும். ஆனால் மேலே இருக்கும் மெனு எல்லோருக்கும் ஒன்றுதான். காப்பி, பேஸ்ட், டெலீட் எல்லாம் அதில் பொது.

அப்படியானால் டெலீட்டை அழுத்தினால் எதை அழிப்பது? இதில்தான் சூட்சுமம். டெலீட் என்பது ஒரு கட்டளை மட்டும், வெறும் கூப்பாடு. அதற்கு யார் பதில் சொல்வது என்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கூனிமேட்டில் ஈ.சி.ஆர். ரோட்டோரம் நின்றுகொண்டு "பாய்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். கறிக்கடை பாய், துணிக்கடை பாய், ரீசார்ஜ் கடை பாய், உப்பு மண்டி பாயான என் அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கறிக்கடை வாசலில் நின்று கூப்பிட்டால் கறிக்கடை பாய் மட்டும்தான் வருவார். மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். எங்கள் நிரலும் அப்படித்தான். எந்தப் பகுதியில் சொடுக்கி நிற்கிறீர்களோ அந்தப் பகுதிக்காரர் பதில் சொல்வார். யாருமே சொல்லவில்லை என்றால் சட்டகத்தோடு பிறந்த இயல்பான பதில் ஒன்று உண்டு. அதுதான் டிஃபால்ட். ஒரே வாசலுக்கு இரண்டு பேர் சம உரிமையோடு எழுந்து வந்தால் நிரல் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிடும். மெனுவில் டெலீட் சாம்பல் நிறமாகிச் செத்துக் கிடக்கும். எங்கள் அலுவலகத்துச் சண்டைகளில் பாதி இந்தச் சாம்பல் நிறத்தால் வருவது.

என் ப்ளக்-இன் ஒரு மருத்துவமனையின் சமையலறைக்காக எழுதியது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கார்டு. இவருக்குச் சர்க்கரை ஆகாது, இவருக்குப் பால் ஆகாது, இவருக்கு உப்பு ஆகாது. சமையலறையில் கார்டைப் பார்த்துத் தட்டு அடுக்குவார்கள். கார்டு இல்லாதவருக்குச் சாதாரணச் சாப்பாடு போகும். அதுவும் ஒரு டிஃபால்ட்தான்.

இந்த வேலை கிடைத்த அன்று அத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். மரக்காணம் உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக வாங்கி லாரி லாரியாக அனுப்புகிறவர் அவர்.

"நான் ஊருக்கெல்லாம் உப்பு விக்கிறேன். நீ ஊர் ஊரா போய் உப்பு வேணாம்னு சொல்றியா?" என்றார். "நல்லா இருக்குது போ. மாவு விக்கப் போனா காத்தடிக்குது, உப்பு விக்கப் போனா மழை பெய்யுது. எனக்கு நீ பொறந்திருக்க!"

சட்டகத்தின் டிஃபால்ட் டெலீட், கார்டை அடியோடு அழித்துவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. உப்பு மண்டியில் வளர்ந்த பழக்கம். அம்பாரத்தை அள்ளிய பிறகு தரையில் மண்ணோடு கிடக்கிற உப்பை யாரும் வெளியே கொட்ட மாட்டார்கள். கூட்டி மூலையில் ஒதுக்குவார்கள். கருவாடு போடுகிறவர்களும் தோல் பதனிடுகிறவர்களும் அதைத் தேடி வருவார்கள். அதனால் என் கார்டுப் பகுதியில் நின்று டெலீட்டை அழுத்தினால் டிஃபால்ட்டுக்குப் பதிலாக என் நிரல் பதில் சொல்லும்படி எழுதினேன். கார்டை அழிக்காது. கண்ணில் படாத ஒரு கோப்புறையில் ஒதுக்கி வைக்கும். "எதற்கு வீண் வேலை? டிஃபால்ட்டே போதுமே" என்று என் சக ஊழியன் தோர்ஸ்டன் முணுமுணுத்தான். நான் விடவில்லை. கூடவே ஒரு நிபந்தனையும் எழுதினேன்: கார்டுப் பட்டியலில் நிற்கும்போது மட்டும்தான் என் நிரல் வாயைத் திறக்க வேண்டும். அடுத்தவர் கடை வாசலில் எனக்கென்ன வேலை?

3

போன வருடம் மே மாதம் விடுப்பில் ஊருக்கு வந்தேன். ரியாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகள் சமீராவும் மட்டும் வந்தோம். சுனாமிக்கு அடுத்த கோடை. கடலோரக் குப்பங்களில் தகரக் கொட்டகைகள் அப்படியேதான் இருந்தன. உப்பளத்தில் மட்டும் நல்ல வெயில், நல்ல விளைச்சல். அத்தா மண்டியிலும் ரோட்டிலுமாக அலைந்துகொண்டிருந்தார்.

சமீராவுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் பாதி ஜெர்மனில் வரும். தாத்தா தட்டில் ஊறுகாய் வைத்ததும் கையை நீட்டித் தடுத்து, "சால்ஸ் வேணாம் தாத்தா, இதயத்துக்குக் கெடுதி" என்றாள். சால்ஸ் என்றால் ஜெர்மனில் உப்பு. ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழி, ஒரு மருத்துவர்.

"உப்பு மண்டிக்காரன் பேத்தி பேசற பேச்சா இது?" என்றார் அத்தா. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு கேள்விப்பட்டதில்லையா நீ?"

அவள் கேள்விப்பட்டதில்லை. நான் சொல்லித் தரவில்லை. அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் குத்தியது. அத்தாவுக்குக் குத்தவில்லை. ஊறுகாயைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம், வெயில் தணிகிற நேரத்தில் வீட்டுப் போன் அடித்தது. தோர்ஸ்டன். அவன் எப்போதும் அரை நிமிடம் நலம் விசாரிப்பான். அன்று விசாரிக்கவில்லை.

"ஜமீலா, மருத்துவமனையில் கார்டுகள் காணாமல் போயிருக்கின்றன."

நடந்தது இதுதான். நான் விடுப்பில் கிளம்பிய பிறகு மருத்துவமனையிலிருந்து ஒரு புகார். வேறொரு திரையில் டெலீட் சாம்பல் நிறமாக இருக்கிறது, அங்கேயும் வேலை செய்ய வேண்டும் என்று. தோர்ஸ்டன் என் ப்ளக்-இன்னைப் பிரதி எடுத்து, அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, பழையதற்குப் பதிலாக அதை அனுப்பிவிட்டான். அதாவது, இனி எந்தக் கடை வாசலில் நின்று கூப்பிட்டாலும் என் ஆள்தான் எழுந்து வருவான். அன்று காலையில் மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஒருவர் ஒரு குறிப்பு தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வார்த்தையில் எழுத்துப் பிழை. பிழையை எடுக்க டெலீட்டை மூன்று முறை தட்டினார். எழுத்து போகவில்லை. பின்னால் பட்டியலில் தேர்வாகி இருந்த கார்டு போனது. அடுத்த தட்டுக்கு அதன் கீழே இருந்த கார்டு. அடுத்ததற்கு அதற்கும் கீழே இருந்தது.

எழுத்து ஏன் அழியவில்லை என்று சலித்துக்கொண்டு அவர் மவுசால் தேர்ந்தெடுத்துத் திருத்திவிட்டுப் போய்விட்டார். மூன்று பேர் பட்டியலில் இல்லாமல் போனதை யாரும் பார்க்கவில்லை. மதியச் சாப்பாடு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சமையலறைத் தலைவி ஃப்ராவ் லோரென்ஸுக்குத் தனித் தட்டுகள் குறைவாகப் போனது உறைத்திருக்கிறது.

"யார் யாருடைய கார்டு?" என்றேன்.

"அதுதான் தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரிய வேண்டும்."

கார்டு இல்லாதவருக்குச் சாதாரணச் சாப்பாடு. அன்று மதியம் தக்காளி சூப்பும் உருளைக்கிழங்கும். சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வருகிறவர்களுக்கு உப்பு மட்டுமல்ல, தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அளந்துதான். இதயம் பலவீனமானவராக இருந்தால் ஒரு வேளைகூட ஆபத்து என்று அந்த ப்ளக்-இன் எழுதும்போது எனக்குப் பாடம் எடுத்திருந்தார்கள்.

"ஒதுக்கி வைக்கிற கோப்புறையைத் திறந்து பார்" என்று இடத்தைச் சொன்னேன்.

மருத்துவமனைக் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். தேடுகிற சத்தம் கேட்டது. "இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை."

"நீ டிஃபால்ட்டை மறுபடி போட்டுவிட்டாயா?"

"இல்லை என்றுதான் நினைக்கிறேன். அன்று அவசரத்தில் செய்தது. ஞாபகம் இல்லை, ஜமீலா. எதையும் தொடவே பயமாக இருக்கிறது."

"தொடாதே" என்றேன். "ப்ளக்-இன்னின் அமைப்புக் கோப்பை மெயிலில் அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்படி ஆயிடுச்சி? மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவருக்கு ஒண்ணும் இல்லத்தா. மூணு பேருக்கு உப்பு போட்டுட்டோம்."

4

கூனிமேட்டில் அப்போது இன்டர்நெட் கிடையாது. மரக்காணத்தில் இருந்த ஒரே சென்டரும் இரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் புழங்குகிற குயிலாப்பாளையத்துக்குப் போனால்தான் உண்டு. பேருந்துக்கு நிற்க அத்தாவுக்குப் பொறுமை இல்லை. புதுச்சேரிக்குக் கருவாட்டு உப்பு ஏற்றிய எங்கள் லாரி புறப்பட்டுக்கொண்டிருந்தது. சமீராவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கேபினில் என்னை ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்குத்தா?"

"நீ அழுதுடுவ. லாரியில ஒருத்தர் இருக்கணும்ல."

வழியெல்லாம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். பாய் கதையைச் சொல்லித்தான் விளக்கினேன்.

"அப்போ இப்ப எந்தக் கடையில நின்னு பாய்னு கூப்பிட்டாலும் உன் ஆளுதான் வர்றான்."

"ஆமாத்தா."

"கறிக்கடையில போய் எலும்பு இல்லாம குடு பாய்னா, உன் ஆளு வந்து கடையில இருக்கிற ஆளையே தூக்கிக்கினு போயிடறான்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். தூக்கிக்கினு போய் மூலையில உட்கார வெச்சிருக்கானா, கொன்னே போட்டானான்னுதான் தெரியல."

"அது தெரியாம எதுக்கு அழுவுற? மூலைய மொதல்ல தேடு."

பொம்மையார்பாளையத்துக்கு அப்பால் பிரிகிற ரோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். குயிலாப்பாளையத்தில் அந்த இன்டர்நெட் சென்டர் நிரம்பி வழிந்தது. எல்லாரும் வெளிநாட்டவர்கள். கண்ணாடியும் தொப்பியும் போட்ட ஒருவன் ஊருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். அத்தா நேராக அவனிடம் போய், வெள்ளை வேட்டியும் தொப்பியுமாக நின்று, தமிழிலேயே சொன்னார்.

"ஏம்பா, ஒரு உயிரு விஷயம். கொஞ்சம் எழுந்திரிப்பா."

அவன் என்ன புரிந்துகொண்டானோ, எழுந்துவிட்டான்.

மெயில் திறந்தது. தோர்ஸ்டனின் கோப்பு பாதி இறங்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். மறுபடி முதலிலிருந்து. கோப்பு முழுக்க வந்து விழுந்ததும் என் கண் ஓடியது அந்த ஒரு வரிக்குத்தான்: டெலீட் என்று கூப்பிட்டால் பதில் சொல்கிறவர் யார்?

என் நிரலின் பெயர். டிஃபால்ட் இல்லை. நிபந்தனை போயிருந்தது, ஆள் மாறவில்லை. ஒதுக்குகிறவன்தான் இருக்கிறான், கொல்கிறவன் இல்லை.

பிறகு ஏன் மூலை காலி? மேலே போய் முதல் வரியைப் படித்தேன். புரிந்துவிட்டது. தோர்ஸ்டன் பிரதி எடுத்தபோது ப்ளக்-இன்னுக்குப் புதுப் பெயர் கொடுத்திருக்கிறான். சட்டகம் ஒவ்வொரு ப்ளக்-இன்னுக்கும் அதன் பெயரில் ஒரு கோப்புறை தரும். கடைப் பெயரை மாற்றியதும் கூட்டிய உப்பு வேறு மூலையில் குவிந்திருக்கிறது. நாங்கள் பழைய மூலையைத் தேடிக்கொண்டிருந்தோம். ப்ளக்-இன் எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் இது. வேறு எந்தத் தொழிலிலும் பெயரை மாற்றினால் குப்பை இடம் மாறாது.

சென்டரிலிருந்தே ஜெர்மனிக்குப் போன் போட்டேன். புதுப் பெயரைச் சொன்னேன். தோர்ஸ்டன் கோப்புறையைத் திறந்தான்.

"இருக்கிறது" என்றான். குரல் உடைந்துவிட்டது. "மூன்றும் இருக்கிறது."

கார்டுகளில் பெயர் கிடையாது, எண்தான். எண்களை அவன் ஃப்ராவ் லோரென்ஸிடம் சத்தமாக வாசிப்பது எனக்குக் கேட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அத்தா என் தலையில் கை வைத்தார். அங்கே நாலு நாட்டுக்காரர்கள் பார்க்க அழுதேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

5

ஆனால் நிம்மதி பாதிதான் வந்தது. அன்று இரவுச் சாப்பாடு சரியாகப் போய்விட்டது என்று மறுநாள் தோர்ஸ்டன் சொன்னான். மூவரில் ஒருவர் அன்று மதியம் பரிசோதனைக்காகப் பட்டினி இருந்தார், தட்டே போகவில்லை. இன்னொருவர் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று தள்ளி வைத்துவிட்டார். மூன்றாமவர் மதியம் முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"அவருக்கு என்ன ஆனது?"

"அதைச் சொல்ல மாட்டார்களாம். நோயாளி பற்றிய தகவலை வெளியாருக்குத் தரக் கூடாது என்று சட்டம். மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள்."

ஜெர்மன் சட்டங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அன்று அந்தச் சட்டத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மீதி விடுப்பு முழுவதும் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பு தெரிந்தால் அந்த மனிதர் நினைவு வந்துவிடும். அவருக்கு முகம் இல்லை, வயது இல்லை, பெயர் இல்லை. ஒரு எண்ணும் ஒரு தக்காளி சூப்பும்தான்.

அத்தாவிடம் இதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க" என்றார். "அந்த மனுஷன் உன்னைத்தான் நினைச்சிக்கினு இருப்பாரு. நல்லதா நினைக்கிறாரோ, கெட்டதா நினைக்கிறாரோ."

"அத்தா!"

"சரி சரி. துவா செய்யறேன். நீ சாப்பிடு."

ஊரைவிட்டுக் கிளம்புகிற வரை அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. விமானத்தில் சமீரா என் தோளில் சாய்ந்து, "தாத்தா ஊறுகாய் நல்லாத்தான் இருந்துச்சு, அம்மா" என்று ரகசியம் சொன்னாள். முழுக்கத் தமிழில் சொன்னாள். திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறாள்.

6

ஜூன் மாதம் சரிசெய்த ப்ளக்-இன்னைப் போடுவதற்கு மருத்துவமனைக்கு நானே போனேன். நிபந்தனை பழையபடி உள்ளே: கார்டுப் பட்டியலில் நின்றால் மட்டும்தான் பேச்சு. எழுத்துப் பெட்டியில் நின்று டெலீட்டை அழுத்தினேன். எழுத்து போனது. பட்டியலில் நின்று அழுத்தினேன். கார்டு ஒதுங்கியது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன். ஃப்ராவ் லோரென்ஸ் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"திருப்தியா?" என்றார்.

"ஒன்று கேட்கலாமா? அந்த மூன்றாமவர்..."

"சட்டப்படி நான் சொல்லக் கூடாது" என்றார். காபியைக் கீழே வைத்தார். "ஆனால் உங்களைப் பற்றி அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவராகச் சொன்னால் அதில் சட்டம் ஒன்றும் இல்லையே. இன்று அவருக்கு ரத்தம் சுத்திகரிக்கும் முறை. வாருங்கள்."

டயாலிசிஸ் வார்டில் ஜன்னல் ஓரம் படுத்திருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். கையிலிருந்து குழாய்கள் இயந்திரத்துக்குப் போயின. உயிரோடு, வாயில் ஒரு மிட்டாயோடு இருந்தார்.

"இவர்தான் அந்த நிரல் எழுதியவர்" என்றார் ஃப்ராவ் லோரென்ஸ்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா அந்த சூப்பைக் கொடுத்தது?"

"இல்லை, ஐயா. உங்களுக்கு அந்த சூப் கிடைக்காமல் இருக்கத்தான் நான் எழுதினேன். அன்று தவறிவிட்டது. மன்னிக்க வேண்டும்."

"மன்னிப்பா? மூன்று வருடத்தில் அன்றுதான் சூப் சூப்பாக இருந்தது. சாயங்காலமே கூப்பிட்டு ஊசி போட்டு, ஒரு ராத்திரி படுக்க வைத்துவிட்டார்கள். போகட்டும். இந்தச் சமையலறை அம்மாவிடம் என் கார்டை மறுபடி தொலைக்கச் சொல்லிப் பார்க்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறார்." கண்ணைச் சிமிட்டினார். "எந்த ஊர் நீங்கள்?"

"கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டு உப்பு எடுக்கிற ஊர். என் அப்பா உப்பு வியாபாரி."

அவர் சிரித்த சிரிப்பில் இயந்திரம் பீப் என்று கத்தியது. தாதி ஓடி வந்தார். நான் நடைக்கு ஓடி வந்துவிட்டேன். அத்தாவுக்குப் போன் போட்டேன்.

"அத்தா, அவரு நல்லா இருக்காரு. இப்பத்தான் பாத்தேன். சிரிக்கிறாரு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இன்னொரு முறையும் சொன்னார். "அவரு பேரு இன்னாம்மா?"

"பேரு எனக்குத் தெரியாதுத்தா. சொல்லவும் மாட்டாங்க. இங்க சட்டம்."

"சட்டம் உங்களுக்குத்தான். நான் தினம் சுபுஹு தொழுதுட்டு துவா கேக்கறேன். 'யா அல்லா, அந்த சூப்பு குடிச்சவரு'ன்னு சொல்லிக்கினு இருக்கேன். எனக்கே ஒரு மாதிரி இருக்குது. கேட்டுச் சொல்லு."

"இன்னுமா கேக்கறீங்க? நான் கெளம்பி வந்து எவ்ளோ நாளாச்சி!"

"அவரு நல்லாயிட்டாருன்னு நீ எங்க சொன்ன? தெரியாம எப்படி நிறுத்தறது?"

போனைக் காதில் வைத்தபடியே வார்டுக்குள் திரும்பிப் போனேன். இயந்திரம் அமைதியாகியிருந்தது. அவரிடம் சொன்னேன். அன்று முதல் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் என் அப்பா உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறார், பெயர் தெரியாமல் செய்கிறார், உங்களுக்குச் சம்மதம் என்றால் பெயரைக் கேட்கிறார். என் ஜெர்மனில் எத்தனை பிழை இருந்ததோ, ஒருவரும் திருத்தவில்லை.

அவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினார். பிறகு குழாய் இல்லாத கையை நீட்டிப் போனை வாங்கி, தன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு அசையாகச் சொன்னார். மறுமுனையில் கூனிமேட்டிலிருந்து அத்தா அதைத் திருப்பிச் சொல்வது எனக்கும் கேட்டது. சரியாகவே சொன்னார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அங்கே விடியற்காலை என்றால் இங்கே என்ன நேரம்?"

"நடுராத்திரி தாண்டிக் கொஞ்ச நேரம்."

"அந்த நேரத்தில் எனக்குத் தூக்கமே வராது" என்றார். "விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இனிமேல் அப்போது யாரோ என் பெயரைச் சொல்கிறார்கள் என்று தெரியும்."